சொல்லிவிட்டால் போதுமா?

(நம் கூட்டமைப்பின் வெள்ளி விழாப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா என்றால் நடந்து வந்த பாதையைப் பேசுவது வழக்கம். அதைப் பேச என்னைவிட மூத்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் இனிமேல் நடக்கப் போவதைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறேன். வரும் ஏப்ரலிலிருந்து நம் எல்லாக் குழுக்களின் கணக்கும் செல்போனில் ஏற வேண்டும் என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். நல்ல தீர்மானம்தான். நான் எதிர்த்துப் பேச வரவில்லை. ஆனால் அந்த மாற்றம் நிலைக்குமா, நிலைக்காதா என்பது அந்த போனில் இல்லை. அதற்காக நாம் எவ்வளவு மெனக்கெடப் போகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

நாற்று நல்ல நாற்றாகவே இருக்கட்டும். பிடுங்கி நட்டதும் வேலை முடிந்ததா? பச்சை பிடிக்கிற வரைக்கும் தண்ணீர் பார்க்கணும், வரப்பு பார்க்கணும். அந்தப் பத்து நாளை விட்டுவிட்டால் விதை வாங்கிய காசும் போச்சு, நட்ட கூலியும் போச்சு. பெரிய கம்பெனிகளில் இந்த வேலைக்கு 'மாற்ற மேலாண்மை' என்று பெயர் வைத்து, அதற்கென்றே ஆள் போட்டு, தனியாகச் சம்பளம் கொடுக்கிறார்கள். நாம் அதை இலவச வேலையாகவே நினைத்துவிடுகிறோம். அதனால்தான் அது நடப்பதும் இல்லை.

நான் தையல் வேலை செய்கிறவள். அதனால் ஒரு தையல் தொழிற்சாலைக் கதையையே சொல்கிறேன். நிஜமாக நடந்தது.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்று ஓர் ஊர். அங்கே ஹார்வுட் என்ற கம்பெனி பைஜாமா தைத்து விற்றது. வேலை பார்த்தவர்களில் பெரும்பாலானவர்கள் நம்மைப் போன்ற பெண்கள். எட்டாம் வகுப்பு அளவுக்குப் படித்தவர்கள். திருப்பூர் பக்கம் இருப்பது போல அங்கேயும் பீஸ் ரேட்தான். எத்தனை பீஸ் முடிக்கிறோமோ அத்தனை காசு. அந்தக் கம்பெனியில் ஒரு தொல்லை இருந்தது. வேலை முறையைக் கொஞ்சம் மாற்றினாலும் உற்பத்தி படுத்துவிடும். ஆட்கள் முணுமுணுப்பார்கள், சண்டை போடுவார்கள், வேலையை விட்டே போய்விடுவார்கள். ஏன் இப்படி என்று லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் என்ற இருவர் அங்கேயே சோதித்துப் பார்த்து, 1948-இல் எழுதி வெளியிட்டார்கள்.

முதலில் ஒரு குழு. அயர்ன் போடுகிறவர்கள், 18 பேர். அவர்களுக்கு வந்த மாற்றம் என்ன தெரியுமா? அதுவரை முடித்த துணியை அரை டஜனாக ஓர் அட்டை மேல் அடுக்கி வைத்தார்கள். இனிமேல் அரை டஜனாக ஒரு பெட்டிக்குள் அடுக்கணும். அவ்வளவுதான்! கம்பெனி அவர்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டது. 'போட்டி அதிகமாகிவிட்டது, அதனால் இந்த மாற்றம், புது ரேட் இது' என்று விளக்கியது. கேட்ட கேள்விக்குப் பதிலும் சொன்னது. கூட்டம் முடிந்தது. நம் கணக்குப்படி இது நல்ல முறைதானே? சொல்லாமல் செய்யவில்லை, சொல்லித்தான் செய்தார்கள்.

என்ன ஆனது? மணிக்கு 60 என்ற அளவில் வேலை எடுக்க வேண்டியவர்கள் 50 பக்கத்திலேயே நின்றுவிட்டார்கள். நாள் ஆக ஆகவும் ஏறவில்லை. சூப்பர்வைசரோடு சண்டை. வேண்டுமென்றே மெதுவாகச் செய்தார்கள். முதல் 40 நாளுக்குள் நூற்றுக்கு 17 பேர் கணக்கில் வேலையை விட்டார்கள். 18 பேரில் மூன்று பேர் போய்விட்டார்கள் என்று அர்த்தம். அட்டையிலிருந்து பெட்டிக்கு மாறியதற்கு!

அடுத்து வேறு குழுக்கள். அவர்களிடம் கம்பெனி முதலில் ரேட்டைச் சொல்லவில்லை. இரண்டு துணியை முன்னால் வைத்தது. இரண்டும் அந்தக் கம்பெனியிலேயே தைத்தது, பார்வைக்கு ஒரே மாதிரி. ஒன்று 1946-இல் தைத்தது, இன்னொன்று 1947-இல் தைத்தது. முந்தினது இரண்டு மடங்கு விலைக்கு விற்றிருக்கிறது. 'இதில் எது மலிவானது, சொல்லுங்கள்' என்று கேட்டார்கள். ஒருத்தராலும் சொல்ல முடியவில்லை. அப்போதுதான் அவர்களுக்கே விளங்கியது, செலவைக் குறைக்காவிட்டால் கம்பெனிக்கும் தாக்குப் பிடிக்க முடியாது என்று. 'எந்த வேலையைக் குறைக்கலாம்' என்று அதன் பிறகு பேச்சு ஆரம்பித்தது.

ஒரு குழுவில் தங்களுக்குள் சில பேரைப் பிரதிநிதியாக அனுப்பினார்கள். அவர்கள் புது முறையைக் கற்றுக்கொண்டு, ரேட் போடுவதற்கும் கூட இருந்து, பிறகு மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இன்னும் இரண்டு குழுக்கள் சிறியவை, எட்டு பேர், ஏழு பேர். அவற்றில் எல்லாருமே உட்கார்ந்து பேசினார்கள். யோசனை மேல் யோசனையாகச் சொன்னதில், குறிப்பு எடுத்தவருக்கு எழுதி மாளவில்லையாம்.

பிரதிநிதி அனுப்பிய குழு இரண்டு வாரத்தில் பழைய அளவைப் பிடித்துவிட்டது. எல்லாரும் உட்கார்ந்து பேசிய இரண்டு குழுக்களும் இன்னும் சீக்கிரம் பிடித்து, பழைய அளவைவிட நூற்றுக்கு 14 அளவு மேலேயும் போய்விட்டன. இந்த மூன்று குழுவிலும் அந்த 40 நாளில் ஒருத்தரும் வேலையை விடவில்லை.

இங்கே சில பேருக்கு ஒரு சந்தேகம் வரும். 'முதல் குழுவில் இருந்தவர்களே முரண்டு பிடிக்கிற ஆட்களாக இருந்திருக்கலாமே?' என்று. நாமும் அப்படித்தானே பேசுகிறோம். 'அந்தத் தெருக் குழு எப்பவுமே இப்படித்தான்' என்று முத்திரை குத்திவிடுகிறோம். அதற்கும் அவர்கள் பதில் வைத்திருந்தார்கள். இரண்டரை மாதம் கழித்து, அந்த முதல் குழுவில் மிஞ்சியிருந்த 13 பேரை மறுபடியும் ஒன்றாகச் சேர்த்து வேறொரு வேலைக்கு மாற்றினார்கள். இந்த முறை அவர்களையும் உட்கார வைத்துப் பேசிச் செய்தார்கள். அதே ஆட்கள், மளமளவென்று பிடித்து மேலே போய்விட்டார்கள். சண்டையும் இல்லை. ஆட்கள் மாறவில்லை. அவர்களை நடத்திய விதம்தான் மாறியது.

ஒரே ஒரு தொழிற்சாலை, சில பத்துப் பேர், எழுபது வருஷத்துக்கு மேல் ஆன கதை. இதை வைத்து உலகத்துக்கே சட்டம் எழுத முடியாது. ஆனாலும் நாம் எடுத்துக்கொள்ள இதில் ஒரு விஷயம் இருக்கிறது. கூட்டம் போட்டுச் சொல்வது ஒன்று, கூட உட்கார்ந்து முடிவு செய்வது வேறொன்று. தீர்மானப் புத்தகத்தில் இருபது கையெழுத்து இருந்தால் இருபது பேரும் சம்மதித்தார்கள் என்று அர்த்தம் இல்லை. நேரமாச்சு, பஸ் போயிடும், பிள்ளை ஸ்கூல் விட்டு வந்திருக்கும் என்று போட்ட கையெழுத்தும் அதில் இருக்கிறது. இங்கே இருக்கிற எல்லாருக்கும் அது தெரியும்.

மாற்றத்துக்கு முன்னால் செய்ய வேண்டியதைச் சொன்னேன். பின்னால் செய்ய வேண்டியதற்கு, நம் ஊர் அடுப்பையே எடுத்துக்கொள்ளலாம்.

புகையில்லா அடுப்பு ஞாபகம் இருக்கிறதா? மண் அடுப்பும், கூரைக்கு மேல் போகிற புகைக் குழாயும். 1980-களில் மத்திய அரசு ஆரம்பித்து 2002 வரை நடத்திய திட்டம். நாடு முழுக்க மூன்று கோடிக்கும் மேல் அடுப்பு போட்டதாகக் கணக்கு. எத்தனை வீட்டில் அது நிலைத்தது? பல வீட்டில் குழாய் அடைத்துக்கொண்டது, மண் விரிந்தது, ஒட்டிக் கொடுக்க ஆள் இல்லை, பழைய அடுப்பே திரும்பி வந்துவிட்டது. பின்னால் ஒடிசா மாநிலத்தில், 2019-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான எஸ்தர் டூஃப்லோவும் கூட இருந்தவர்களும் இப்படிப்பட்ட அடுப்பை நாலு வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் வருஷம் பெண்கள் உள்ளே இழுக்கிற புகை குறைந்தது. அதற்குப் பிறகு அந்தப் பலன் மறைந்துவிட்டது. அடுப்பைச் சரியாகப் பயன்படுத்தவில்லை, பராமரிக்கவில்லை, நாள் ஆக ஆகப் பற்ற வைப்பதே குறைந்துபோனது.

அந்தப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மண் அடுப்பு கட்டியவள் தானே பூசி மெழுகுவாள், தானே மாற்றிப் போடுவாள். புது அடுப்புக்குக் குழாய் சுத்தம் பண்ணணும் என்பது ஒரு புது வேலை. அந்த வேலை யார் தலையில் விழும், அவளுக்கு யார் கற்றுத் தருவார்கள், ஆறாம் மாதம் யார் வந்து பார்ப்பார்கள், இதெல்லாம் அடுப்பின் விலையில் சேரவே இல்லை. போட்ட அடுப்பை எண்ணினார்கள், எரிகிற அடுப்பை எண்ணவில்லை.

நாமும் நாளைக்கு அப்படித்தான் எண்ணப் போகிறோமா? 'நூறு சதவீதம் குழுக்களும் போனில் ஏறிவிட்டன' என்று போர்டில் எழுதிவிடலாம். அது போட்ட அடுப்பின் கணக்கு. 'எத்தனை உறுப்பினருக்குத் தன் சேமிப்பு எவ்வளவு என்று இன்றைக்கும் தெரிகிறது?' என்று கேட்பதுதான் எரிகிற அடுப்பின் கணக்கு.

சரியாக நடந்த மாற்றமும் உண்டு. நம் மூத்த அம்மாக்களுக்கு அணாக் கணக்கு ஞாபகம் இருக்கும். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதியிலிருந்து ஒரு ரூபாய்க்கு நூறு பைசா என்று மாறியது. நாடே மாற வேண்டிய விஷயம் அது. படிக்காத கீரைக்காரம்மா வரைக்கும் மாறணும். ஒரே ராத்திரியில் பழைய காசு செல்லாது என்று சொல்லவில்லை. பழைய காசும் புதுக் காசும் சில வருஷம் சேர்ந்தே புழங்கின. புதுக் காசுக்கு 'நயா பைசா' என்று பெயரே வைத்தார்கள், குழப்பம் வரக் கூடாது என்று. எல்லாருக்கும் பழகின பிறகு, 1964-இல்தான் அந்த 'நயா'வை எடுத்தார்கள். நாலணா என்றால் 25 பைசா, எட்டணா என்றால் 50 பைசா என்று பழைய பெயரையே புதுக் காசுக்கு ஜனங்கள் கொடுத்துக்கொண்டார்கள். பழையதைக் கையில் பிடித்துக்கொண்டே புதியதுக்குக் காலை எடுத்து வைக்க இடம் கிடைத்தது. கிணற்றில் இறங்குகிறவள் அடுத்த படியில் கால் ஊன்றிய பிறகுதானே மேல் படியை விடுவாள்?

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். நம் கூட்டமைப்பில் போன வருஷம் சில குழுக்களில் போன் கணக்கைச் சோதனையாக ஆரம்பித்தோம். அதில் இரண்டு குழுக்களை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். குழுவின் பெயரையும் ஊரையும் சொல்லப் போவதில்லை.

ஒரு குழுவில் போனில் ஏற்ற ஆரம்பித்ததும் தனிநபர் பாஸ் புத்தகத்தை எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். 'எல்லாம்தான் போனில் இருக்கே, எதுக்கு இரண்டு வேலை?' என்று. அங்கே ஒரு அக்கா, அறுபது வயது தாண்டியவர், எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தன் பாஸ் புத்தகத்தில் மாதம் ஒரு வரி ஏறும், பக்கத்தில் ஊக்குநர் கையெழுத்து இருக்கும் என்று தெரியும். அந்த வரிகளை விரல் வைத்து எண்ணுவார். அதுதான் அவர் கணக்கு. மூன்று மாதம் வரி ஏறவில்லை. நாலாம் மாதம் அவர் சேமிப்புப் பணம் கட்டவில்லை. 'எழுதாத பணத்தை நான் எதுக்குக் கட்டணும்?' என்றார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் நிறுத்தினார்கள். ஐந்தாம் மாதம் கூட்டத்தில் 'எங்க பணம் எங்கடி?' என்று கேட்டுவிட்டார்கள். கணக்கு எழுதுகிற பெண் சின்னப் பெண், காலேஜ் முடித்துவிட்டு ஊரிலேயே இருப்பவள். அவள் அழுதுகொண்டே எழுந்து போய்விட்டாள். கணக்கைப் பார்த்தால் ஒரு ரூபாய் குறையவில்லை. எல்லாம் சரியாகத்தான் ஏறியிருந்தது. பணம் பத்திரமாக இருந்தது. நம்பிக்கைதான் காணாமல் போயிருந்தது. பதினாலு வருஷக் குழு, உடைய இருந்தது.

இன்னொரு குழுவில் அதே போன், அதே செயலி, அதே ஒரு நாள் பயிற்சி. ஆனால் ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு கூட்டம் முழுக்க இதையே பேசினார்கள். 'போன் தொலைஞ்சா பணம் போயிடுமா?' 'என் கடன் பாக்கியை என் வீட்டுக்காரர் பார்த்துடுவாரா?' 'தப்பா ஏத்திட்டா யாரு திருத்துவா?' இப்படி வந்த கேள்வி ஒவ்வொன்றையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். பதில் தெரியாததைக் கேட்டுவந்து அடுத்த கூட்டத்தில் சொன்னார்கள். பாஸ் புத்தகத்தை நிறுத்தவில்லை. கூட்டம் முடியும் முன்னால் கணக்கு எழுதுகிறவள் போனைப் பார்த்து ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்தாள். 'உங்க சேமிப்பு இவ்வளவு, கடன் பாக்கி இவ்வளவு, சரியா அக்கா?' 'சரி' என்று அவர்கள் சொன்ன பிறகுதான் அடுத்த பெயர். இதற்கு ஆகும் நேரம் பத்து நிமிஷம், கூடினால் கால் மணி நேரம். அந்தக் குழுவில் ஒருத்தரும் நிற்கவில்லை. ரொக்கப் புத்தகத்தில் பழைய கூட்டல் பிழை ஒன்றைப் படிக்கத் தெரியாத ஒரு அம்மாதான் காதால் கேட்டே கண்டுபிடித்தார்.

உடைய இருந்த அந்தக் குழுவும் தப்பித்துவிட்டது. ஐந்து மாதப் பாஸ் புத்தகத்தையும் உட்கார்ந்து எழுதி, கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் படித்துக் காட்டினார்கள். அந்த அக்கா விரல் வைத்து எண்ணிப் பார்த்துவிட்டு, நின்றிருந்த பாக்கியையும் சேர்த்தே கட்டினார். ஆனால் அழுதுகொண்டு போன அந்தப் பெண் மறுபடியும் கணக்கு எழுத வரவில்லை. அவள் இழப்பு நமக்கு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

'இத்தனையும் செய்ய நமக்கு நேரம் ஏது, பணம் ஏது?' என்று நிர்வாகிகள் கேட்பது நியாயம். மேலிருந்து தேதி வருகிறது, அறிக்கை கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்கிறேன்: உடைந்த குழுவை ஒட்ட வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? முன்னால் கால் மணி நேரம் செலவழிக்கவில்லை என்றால் பின்னால் ஐந்து மாதம் செலவழிக்க வேண்டியிருக்கிறது. செலவு எப்படியும் உண்டு. முதலிலா, கடைசியிலா என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பேசிப் பேசியே எதையும் ஓட்டிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. திட்டமே உதவாத திட்டம் என்றால் எத்தனை கூட்டம் போட்டாலும் நிற்காது, நிற்கவும் கூடாது. உறுப்பினரிடம் கேட்பது அவர்களைத் தலையாட்ட வைக்க அல்ல. அவர்கள் 'இது சரிப்படாது' என்று சொன்னால், திட்டத்தை மாற்றவும் நாம் தயாராக இருக்கணும். முடிவு எடுத்துவிட்டு யோசனை கேட்டால் ஜனங்களுக்கு உடனே தெரிந்துவிடும். அப்புறம் நிஜமாகக் கேட்கும்போதும் வாய் திறக்க மாட்டார்கள்.

அதனால் இந்தப் பொதுக்குழு முன் சில வேண்டுகோள் வைக்கிறேன்.

முதலாவது, ஏப்ரலுக்கு முன்னால் ஒவ்வொரு குழுவிலும் போன் கணக்குக்காகவே ஒரு கூட்டம். அதில் நாம் பேசுவது கம்மி, உறுப்பினர் கேட்பது அதிகம். வந்த கேள்விகளை எழுதி கூட்டமைப்புக்கு அனுப்பணும். எல்லாக் குழுவிலும் ஒரே கேள்வி வந்தால், மாற வேண்டியது உறுப்பினர் இல்லை, நம் ஏற்பாடுதான்.

இரண்டாவது, ஆறு மாதம் புத்தகமும் போனும் சேர்ந்தே நடக்கட்டும். அந்த ஆறு மாதமும் கணக்கு எழுதுகிறவளுக்கு இரட்டை வேலை. அதற்கு ஊக்கத்தொகையும் கூட்டிக் கொடுக்கணும். அதை இப்போதே பட்ஜெட்டில் எழுதுங்கள். 'சேவை மனப்பான்மை' என்று சொல்லி அவள் தலையிலேயே கட்டிவிடாதீர்கள்.

மூன்றாவது, ஆறு மாதத்துக்குப் பிறகும் தனிநபர் பாஸ் புத்தகம் நிற்கக் கூடாது. கூட்டத்தில் உரக்கப் படிப்பதும் நிற்கக் கூடாது. போன் கூட்டமைப்புக்கு. பாஸ் புத்தகம் உறுப்பினருக்கு.

நாலாவது, ஒவ்வொரு ஊராட்சியிலும் சந்தேகம் கேட்க ஓர் ஆள். 'ஆபீசுக்கு வந்து கேளுங்க' என்றால் யாரும் வர மாட்டார்கள். பக்கத்துத் தெருவில் இருக்கிற, கோபப்படாத, இரண்டு தடவை கேட்டாலும் சொல்லிக் கொடுக்கிற ஒருத்தி வேண்டும். நன்றாகப் படித்தவள் என்பதைவிட பொறுமையானவள் என்பதைப் பாருங்கள்.

ஐந்தாவது, மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் நாம் போய்ப் பார்க்கணும். எத்தனை குழு ஏறியது என்று கேட்காமல், யார் சேமிப்பு நின்றது, யார் கூட்டத்துக்கு வருவது நின்றது என்று கேட்கணும். நின்றவர் வீட்டுக்கே போய்க் கேட்கணும். குறை சொல்கிறவரைப் பார்த்து 'இவங்க எப்பவும் இப்படித்தான்' என்று ஒதுக்காதீர்கள். எங்கே ஓட்டை இருக்கிறது என்று முதலில் சொல்கிறவர் அவர்தான்.

தங்கைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த கூட்டத்தில் போனை எடுக்கும்போது, மூலையில் பாஸ் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிற அம்மாவின் பெயரை முதலில் படியுங்கள். அவர் 'சரி' என்று சொன்ன பிறகு அடுத்த பெயருக்குப் போங்கள்.